தொடாத கோப்பி

28 ஜனவரி 2025
மிருணாளினி ஒருவழியாக வாயைத் திறந்தாள். பெடியன் பேர் நாயிஃப். அவளோடு ஒரே இடத்தில் வேலை. ஜோர்தானில் வாதி ரம் என்ற பாலைவனத்து ஆள். ஆகா! பாரிஸில் லா சப்பல் கடைத்தெருவில் இத்தனை தமிழ்ப் பெடியங்கள் திரிய, என் மகளுக்கு ஒட்டகக்காரன் கேட்கிறது.

"மணலுக்கை என்னத்தைக் கண்டனி?" என்றேன்.

"மணல் மட்டுமில்லை அம்மா. பெரிய பெரிய சிவப்பு மலையள் இருக்கு. குளிர்காலத்திலை உறைபனியும் விழும்," என்று போனில் படம் படமாகக் காட்டினாள்.

மலை இருந்தால்? அங்கே ஒரு கத்தரிக்காய் முளைக்குமா?

1 பெப்ரவரி
நாளை நாயிஃபின் தகப்பன் பெண் கேட்டு வருகிறாராம். என் மனுசன் வரதராசா, "வரட்டுமன்," என்றார். பெரிய உதவி!

2 பெப்ரவரி
கிழவர் நாயிஃபோடு வந்தார். தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி. நல்ல கோப்பையில் கோப்பி வைத்தேன். தொடவில்லை. நாங்கள் எல்லாரும் குடித்து முடித்தாயிற்று, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வீட்டில் வாய் நனைக்காமல் இருந்தால் என்ன அர்த்தமென்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? எங்களைக் கீழாக நினைக்கிறார்! ஒட்டகம் மேய்க்கிறதுக்கு உந்த எடுப்போ? நாயிஃப் பிரெஞ்சில் ஏதோ சொல்ல வந்தான். நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் குசினியும் ஆக்கள் வந்து இருக்கிற சாலோனும் ஒரே அறைதான். கோப்பையைத் தூக்கி, கிழவரின் கண்முன்னாலேயே தொட்டிக்குள் ஊற்றினேன்.

அவர் எழும்பி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்துவிட்டுப் போனார்.

3 பெப்ரவரி
மகள் என்னோடு கதைக்கவில்லை. நல்லது, வீடு அமைதி.

4 பெப்ரவரி
பின்னேரம் அழுதுகொண்டு வந்து நின்றாள்.

"அங்கை பொம்பிளை கேட்டு வாறவை, பொம்பிளை வீட்டுக்காரர் ஓம் எண்டு சொல்லுமட்டும் கோப்பியைத் தொடாயினமாம். எனக்கே நாயிஃப் இண்டைக்குத்தான் சொன்னவன். நீங்கள் ஊத்தினது, தரமாட்டன் எண்டு சொன்னமாதிரி. அவர் நாளைக்குப் பிளேன் ஏறுறார்."

இதென்ன கோதாரி வழக்கம்! வாயைத் திறந்து கேட்டால் முத்துக் கொட்டிவிடுமா?

ஆனால் — அந்த மனிசன் என்னைக் கீழாக நினைக்கவில்லை. அவ்வளவு நேரமும் என்னட்டைக் கேட்டுக்கொண்டெல்லோ இருந்திருக்கு. சீ. வெட்கமாக இருக்கிறது. பிள்ளை இன்னும் அறைக்குள் அழுகிறாள்.

"என்னப்பா செய்யிறது?" என்று மனுசனைக் கேட்டேன்.

"கோப்பித்தூள் இருக்குத்தானே," என்றார். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் முதல் உருப்படியான பேச்சு.

5 பெப்ரவரி
மகள் போன் எடுத்துக் கூப்பிட, கிழவர் விமான நிலையம் போகிற வழியில் நாயிஃபோடும் பெட்டியோடும் வந்தார். கோப்பி வைத்தேன். தொடவில்லை. பிடிவாதக்காரர்!

"ஓம்," என்றேன்.

நாயிஃப் அதை அரபியில் சொல்ல வாயெடுக்கும் முன்னமே கோப்பையைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்தார். பிறகு முகத்தைச் சுளித்தார். அவர்கள் பாலைவனத்தில் கோப்பிக்குச் சீனி போடுவதில்லையாம்.

அதற்குள் சம்பந்தி வீட்டில் குற்றம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.