அத்தர் கடைக்காரர் மகனின் சென்ட்

இன்று காலை ரெட்டியார்பாளையம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸில் புதிதாக ஒருவர் ஏறினார். அவருக்கு முன்னால் உன் வாசனை ஏறியது. அதே எலுமிச்சைத் தோல், அதே சோப்பு நுரை. சேதராப்பட்டு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். கடையில் விற்கிற சென்ட், யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஆனாலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அது ஒன்றும் பிரமாதமான சரக்கு இல்லை என்று உன்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். மளிகைக் கடையில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற, ஆண்களுக்கான மலிவான நீலப் பாட்டில். அடித்ததும் எலுமிச்சை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் சோப்பு வாசனையாகும். பிறகு வெயிலில் காய்ந்த சட்டை மாதிரி ஏதோ மிச்சமிருக்கும், மதியச் சாப்பாட்டுக்குள் அதுவும் போய்விடும். "சலூன்லேர்ந்து நேரா வர்றியா?" என்று கேட்பேன். நீ கோபப்பட மாட்டாய். "இப்பதான் குளிச்சிட்டு வந்தவன் மாதிரி இருக்குதுல்ல, அது போதும் மாப்ள. மனுசனுக்கு அதுக்கு மேல என்னா வாசம் வேணும்?" என்பாய். நாள் முழுக்க மெஷின் எண்ணெயில் நிற்கிறவனுக்கு அது நியாயமான ஆசைதான்.

சிக்கல் என்னவென்றால், நீ அத்தர் கடைக்காரரின் மகன். ஷிப்ட் முடிந்ததும் குளித்து, மறுபடி அதையே அடித்துக்கொண்டு, பெரிய மார்க்கெட் பக்கத்தில் உன் அத்தாவின் கடையில் போய் உட்காருவாய். ஒருநாள் மல்லி, சந்தனம், ஊது என்று ஒவ்வொன்றாகக் கையில் தடவிப் பார்த்த ஒருவர், கடைசியில் உன் பக்கம் மூக்கை உறிஞ்சி, "பாய், தம்பி போட்டுருக்காரே, அதுல ஒண்ணு குடுங்க" என்றார். உன் அத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வந்தவர் போனதும் உன்னைப் பிடித்துக்கொண்டார். "அதுல ஸ்பிரிட் கலந்துருக்குது. தொழுவுற உடம்புல எப்படிடா அத அடிக்கிற?" "தொழப் போறப்ப குளிச்சிட்டு சட்டைய மாத்திக்கிறேன்ல, அத்தா" என்றாய். சொன்னபடியே மாற்றியும் கொண்டாய். மறுநாள் மாலை மறுபடி அதே எலுமிச்சையோடு வந்து உட்கார்ந்தாய்.

போன ஐப்பசி மழையில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. உன்னைக் குளிப்பாட்டிக் கற்பூரம் வைத்தார்கள். உன்னைச் சுற்றிய கஃபன் துணியில் கடையிலேயே உயர்ந்த அத்தரை உன் அத்தா தன் கையாலேயே தடவினார். நான் குனிந்தேன். அது அவருடைய கடையின் வாசனை. உன்னுடையது எங்குமே இல்லை. வெளியே வந்து அழுதேன்.

சில வாரம் கழித்து உன் அத்தா என்னைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"அவன் சட்டையெல்லாம் வீட்ல தொவச்சி அடுக்கிட்டாங்க தம்பி. ஒண்ணுலயும் அவன் வாசம் இல்ல" என்றார். பிறகு கல்லாவைப் பார்த்துக்கொண்டே, "அவன் அடிக்கிற சென்ட நான் தொட மாட்டேன். நீங்க போட்டுக்கிட்டு வந்து செத்த நேரம் ஒக்காருங்களேன்" என்றார்.

அதனால், எனக்குப் பிடிக்காத அந்த சென்டை ஞாயிற்றுக்கிழமை தோறும் அடித்துக்கொண்டு போகிறேன். மாப்பிள்ளை கிளம்பிட்டார் என்று என் மனைவி கிண்டல் செய்கிறாள். அங்கே பெரிதாகப் பேச்சு எதுவும் இல்லை. "வாங்க தம்பி" என்பார். "நல்லாருக்கீங்களா பாய்" என்பேன். அவர் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் இடத்தில்தான்.

போன வாரம் பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. நான் படியேறியபோது அவர் தலை நிமிரவில்லை.

"ஏன்டா இவ்ளோ நேரம்? சாப்டியா?"

கேட்ட பிறகுதான் குப்பியைத் துடைத்த கை நின்றது.

"சாப்ட்டேன், அத்தா" என்றேன்.