முட்டு எடுத்த அறை

ஜூன் 11, 1996. செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேர் லீவு, ஹெட்செட் மாட்டி மாட்டிக் காது வலி.

சாயங்காலம் தமிழ்ச் சங்கக் கமிட்டி. செயலாளர் முரளி அரை மணி நேரம் பேசினான். ஹெப்பாளில் கட்டட வேலை செய்யும் நம் பெண்களுக்கு, வேலை நடக்கும் இடத்திலேயே குழந்தைக் காப்பகம். கீழ்த்தளத்தில் ஓர் அறையை காண்ட்ராக்டர் சும்மா தருகிறார். தாய் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். நல்ல யோசனை. போன மாதம்தான் மணல் குவியல் ஓரம் தூங்கிய குழந்தையின் கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது. வாய்விட்டுப் பாராட்டினேன்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த ரூமை யார் போய்ப் பாத்தது?"

முரளி முகம் சுண்டிவிட்டது. "மேடம், ஒவ்வொண்ணுக்கும் இப்படிக் கேள்வி கேட்டா நாம புதுசா எதையுமே ஸ்டார்ட் பண்ண முடியாது." தலைவர் சேஷாத்ரி சார் சிரித்தார். "நம்பிக்கையான மனுஷர்மா அந்த காண்ட்ராக்டர். வெள்ளிக்கிழமை நாள் நன்னா இருக்கு." கைதட்டல். எங்கள் சங்கத்தில் ஓட்டெடுப்பே கிடையாது, எல்லாம் ஏகமனது. அதில் ஒரு பெருமை வேறு. நானும் தட்டித் தொலைத்தேன்.

வாங்க: பிரெட், கொசுவர்த்தி, ஸ்கூட்டருக்கு பெட்ரோல்.

ஜூன் 12, புதன்

பர்மிஷன் போட்டு ஹெப்பாள். போகாமலே இருந்திருக்கலாம்.

அறைக்குள் மேல்தளத்தைத் தாங்கிய முட்டுக் கம்புகளை உருவிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் போட்டதே போன வாரம். எங்கள் வீடு கட்டும்போது மூன்று வாரம் அந்தக் கம்புகளைத் தொடவிடவில்லை. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று மேஸ்திரியைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை உங்க ஓப்பனிங் இருக்கல்ல மேடம்? தூளி கட்ட இடம் பேக்கல்ல, வேணுமே?" ஐயோ, எங்களுக்காகத்தான் எடுக்கிறார்கள்!

ஜல்லி சுமக்கும் செல்வி வந்தாள். ஹனூர்ப் பக்கத்துக்காரி, இடுப்பில் கைக்குழந்தை. "ஏனுங்க்கா, இதுக்குள்ள புள்ளையப் போடலாமுங்களா? மேல தண்ணி சொட்டுதுங்க." விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 13, வியாழன்

தலைவருக்கு போன். இன்ஜினியர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும், அதுவரை தள்ளிப்போடுங்கள் என்றேன். "இன்விடேஷன் குடுத்தாச்சேம்மா. காண்ட்ராக்டர் மனசு நோகும்."

கோபம் வந்துவிட்டது. "அப்ப நாளைக்கு கமிட்டியே அந்த ரூமுக்குள்ள உக்காரட்டும் சார். முதல்ல நாம, அப்புறம் குழந்தைங்க."

"பேஷா உக்காருவோம்!" கொஞ்சமும் தயங்கவில்லை மனுஷர். ஒருவேளை நான்தான் பயந்தாங்கொள்ளியோ? முரளி மேல் எனக்குப் பொறாமை என்று பேச்சாம், எக்ஸ்சேஞ்ச் கமலா சொன்னாள். பேசட்டும்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டாவது தடவை.

ஜூன் 14, வெள்ளி. மத்தியானம்

விடிய விடிய மழை.

போய்ப் பார்த்தால் தூளிகள் உள்ளே. எங்கள் நாற்காலிகள் வெளியே, ஒழுகும் சாமியானாவில். கமிட்டி உள்ளேதானே என்று கேட்டேன். காண்ட்ராக்டர் பதறினார். "பேடா மேடம், வேணாம்! பெரியவங்க இத்தினி பேரு, உள்ளே எதுக்கு? ஏதாச்சும் ஒண்ணு ஆயித்துன்னா..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

தலைவர் காதில் விழுந்தது. முரளி காதிலும். இருவர் முகத்தையும் பார்த்தேன். தலைவர் மெல்லக் குத்துவிளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏற்றினார். கைதட்டல். "எனக்குச் சம்மதமில்ல, எழுதிக்குங்க!" என்று கத்தினேன். முரளி பேனாவை மூடிப் பையில் செருகினான். பாவி.

தாய்மார்களிடம் உள்ளே விடாதீர்கள் என்று கெஞ்சினேன். மேஸ்திரி விசில் அடித்தார். வேலை போய்விடும் என்ற பயம், நாலைந்து பேர் பிள்ளைகளைத் தூளியில் போட்டுவிட்டு ஓடினார்கள். செல்வியும் மற்ற சிலரும் வாசலைத் தாண்டவில்லை.

கேசரி, உப்புமா சாப்பிட்டுக் கமிட்டி கிளம்பியாயிற்று. வெளியே கொட்டுகிறது, சாமியானாவையும் அவிழ்த்துவிட்டார்கள். தூளியில் கிடக்கும் இந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. உள்ளேயே பாய் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். சுவர் மூலையில் மெல்லிய விரிசல், காலையில் இருந்ததா தெரியவில்லை. மேல்தளத்தில் சிமெண்ட் மூட்டை இறக்குகிறார்கள். நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன், நிற்கவில்லை. பயமாக இருக்கிறது.

செல்வி இப்போது எட்டிப் பார்த்தாள். முகம் தெளிந்திருந்தது. "கமிட்டிக்காரங்க நீங்களே உள்ள உக்காந்துட்டீங்க. அப்பறம் என்னத்துக்குங்க்கா பயம்?" குழந்தையை என் மடியில் போட்டாள். "இருங்க, வெளிய நிக்கற மத்தவங்களையும் கூட்டியாறேன்."

வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன். மூட்டை விழும் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கைக்குழந்தைகளோடு வந்துகொண்டிருக்கிறார்கள்.