இரண்டு குழாயிலும் ஒரே துப்பல்

தாழ்வுபாடு,
மன்னார்.

அன்பு மகள் சுபாஜினிக்கு,

மாதாவின் துணையால் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகன் ஜெயகாந்தும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். ஐந்தாம் வகுப்போடு வலை தூக்கப் போனவன் போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் எழுதப் பேனை பிடித்தான் என்று சிரிப்பாய், சிரி. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை, அதுதான். உங்கள் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கு இங்கிருந்து வந்த இரண்டு குழாயிலும் ஒரே ஆளின் துப்பல் இருந்தது, கிளினிக்கில் தாதி ஸீனத் மிஸிதான் கவனமில்லாமல் விட்டிருப்பா என்று போன கிழமை சொன்னாயே, அது மிஸியின் பிழை இல்லை மகள். நான் செய்த வேலை.

மனநோய் வருத்தம் உள்ள அக்காவின் துப்பலையும் வருத்தம் இல்லாத தங்கச்சியின் துப்பலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்று நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். மிஸி குழாய்களை வீட்டுக்குத் தந்துவிட்டா. நிறஞ்சலாச் சித்தி தன்னுடையதை நிரப்பித் தந்தா. அது ஊத்துப்பட்டுப் போச்சு என்று பொய் சொல்லி மற்றக் குழாயையும் நீட்டினேன். “அத்தான், வாய் காய்ஞ்சு போச்சு, இனியும் வேணுமெண்டா மாட்டைக் கூப்பிடுங்கோ” என்று ஏசிக்கொண்டே துப்பினா. அதில் அகஸ்ரினா என்று அம்மாவின் பெயரை ஒட்டினேன். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் முடிவு வந்த பிறகுதான் பிள்ளை பெறுவதைப் பற்றி யோசிப்போம் என்று நீ சொன்னது எனக்குத் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. சுகமான ஆளின் துப்பல் போனால் சுகமான முடிவு வரும், நீயும் பயமில்லாமல் ஒரு பிள்ளையைப் பெறுவாய் என்று நினைத்தேன். மோட்டு வேலை.

மிஸியிடம் மேலிடத்தில் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று அறிந்ததும், இனி மறைக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஊசி போடப் போன இடத்தில் டொக்டருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். மிஸி அழுதா. டொக்டர் ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லது. “ஐயா, இந்த ஆய்வு ஆருக்கு வருத்தம் வரும், ஆருக்கு வராது எண்டு சொல்லாது” என்றார். மூளையில் செரட்டோனின் என்று ஒன்று ஓடுமாம், அது வந்து பிடிக்கிற இடங்களைக் கட்டும் மரபணுவின் எழுத்து மாறாமலே இருக்க, அதன்மேல் சின்னச் சின்னக் குறிகள் ஒட்டுமாம். பட்ட பாட்டாலும் ஒட்டலாமாம், மருந்தாலும் மாறலாமாம். குறி இருந்தால் வருத்தம் என்றோ, தாயில் இருந்தால் பிள்ளையிலும் இருக்கும் என்றோ இல்லையாம், நூற்றுக்கணக்கான பேருடையதைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதும் தெரியுமாம். வள்ளத்தின் அடியில் சிப்பி பிடிக்கிற மாதிரியோ என்று கேட்டேன். “கிட்டத்தட்ட, ஆனா சுரண்டிப்போட்டுக் கடலில விட ஏலாது” என்றார்.

அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. எழும்பும்போது, “என்ர துப்பலுக்குமோ உங்களுக்கு வெக்கம்?” என்று ஒன்றே ஒன்று கேட்டா. பதினாறு வருடமாக ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். சோற்றில் நஞ்சு என்று அவ பட்டினி கிடந்த நாட்களில் முதல் வாய் தின்று காட்டியவனும் நான்தான். அந்தப் பெருமையெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

மிஸி புதுக் குழாய் தந்திருந்தா. நேற்றுக் காலை அம்மா வாயைக் கொப்பளித்து, அரை மணித்தியாலம் காத்திருந்து, என்னை வெளியில் போகச் சொல்லிவிட்டுத் தானே துப்பி, தானே பெயர் எழுதி ஒட்டினா. உனக்கும் ஒரு சொல் சொன்னா. “எனக்கு வருத்தம்தான். அதுக்காக அவளைப் பெத்தது பிழையெண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை. பெறட்டும், பெறாம விடட்டும், அது அவையின்ர விருப்பம். என்னைக் காட்டிப் பயப்பட வேண்டாமெண்டு எழுதுங்கோ.” இதில் நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

மிஸியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீயும் அவவுக்கு இரண்டு வரி எழுது. மருமகனுக்கும் இதை மறைக்காதே, மறைத்துக் கெட்டது நான் ஒருவனே போதும். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறவாதே மகள், இனிமேல் போன் எடுத்தால் அம்மா எப்படி என்று என்னிடம் கேளாதே. அவவிடம் கொடுக்கச் சொல்லி அவவிடமே கேள்.

தன் பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்கும் தகப்பன்,
சிங்கராசா