ஒரு வீட்டுக்கு ஒரு ஐடி

உறையூர்,
3 ஜூன் 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

சகாயராணி எழுதுகிறேன். உன் கடிதம் நேற்று கடைக்கு வந்தது. தபால்காரர் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கடைக்காரர் பாலமுரளி அண்ணன் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மொபைல் கடையில வேலை பாக்குற பொண்ணுக்கு லெட்டர் போடுறது யாரும்மா, கல்வெட்டுலேருந்து எறங்கி வந்தாங்களா?" என்றார். பள்ளித் தோழி என்று சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது. நான் பேசுவது யாருக்குத்தான் கேட்டது? வகுப்பில் எனக்கும் சேர்த்து நீதானே "உள்ளேன் மிஸ்" சொல்வாய்.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வெல்டர் படிப்பில் சேர ஆசைப்பட்டு, பக்கத்து வீட்டு வேலம்மாள் அக்காவுடன் ஐடிஐ வரை போயிருக்கிறாய். அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி, வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் உன் அண்ணன் சித்தார்த், "ஐடிஐ வாசல்ல உனக்கென்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். வேலம்மாள் அக்காதான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாய். போனில் நீ தேடுவதும் எப்படியோ அண்ணனுக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் இனிமேல் காகிதம்தான் என்கிறாய். எனக்கு அதில் வருத்தமில்லை. காகிதத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்வதில்லை. நீ வேலைக்குப் போகும் தையல் கடை முகவரிக்கே எழுதுகிறேன்.

என் வேலையைக் கேட்டிருந்தாய். தினமும் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம். அம்மா மண்டபம் ரோட்டில் கடை. புதுப் போன் வாங்குபவர்களுக்கு எல்லாவற்றையும் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது "அனுமதி" என்ற இடத்தை அழுத்துகிறேன். பத்தாம் வகுப்போடு நின்ற நான் பாதி ஸ்ரீரங்கத்துக்காகச் சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று அவர்கள் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை. எல்லோருடைய மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கடையில் ஒரு நீள நோட்டில் இருக்கின்றன. மறந்துவிட்டு வந்து நிற்பார்கள் என்பதால் பாலமுரளி அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்: ஒரு வீட்டுக்கு ஒரு ஐடி. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர் போனிலும் அதையே போட்டுவிடுவோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

வேலம்மாள் அக்காவிடம் சண்டைக்குப் போகாதே. யாரென்று முதலில் தெரியட்டும்.

உன்,
சகாயராணி

திருவெறும்பூர்,
8 ஜூன் 2025

அடியே சகாயம்,

உன் புத்திமதி ஒரு நாள் லேட். குழாயடியில் வைத்துக் கேட்டுவிட்டேன். "எங்க வீட்டு விஷயத்தை எங்க அண்ணன்கிட்ட ஒப்பிச்சா உங்களுக்கு என்ன கிடைக்குது?" என்று. அக்கா குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம், நான் எப்போதோ குழம்பு கொடுத்த கிண்ணம் எங்கள் வாசலில் இருந்தது. வெறும் கிண்ணம். கிண்ணத்தை ஒருநாளும் வெறுமனே திருப்பித் தராத மனுஷி. இரண்டு முருங்கைக்காயாவது இருக்கும். அன்று ஒன்றுமில்லை.

போகட்டும். செய்தவர்தானே படவேண்டும்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. அக்காவுக்குத் தெரியாததும் அண்ணனுக்குத் தெரிகிறது. வெல்டிங் வேலையில் பெண்கள் இருக்கிறார்களா என்று நான் போனில் தேடினேன். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே, "அந்த வேலைக்குப் போனா கண்ணு போயிடும்" என்கிறான். கிரைண்டிங் பட்டறையில் நிற்கிற அவனுக்குப் போகாத கண்ணா எனக்குப் போய்விடும்? என்னை பி.காம். சேர்த்து, அவன் நண்பனின் ஆபீசில் பில் போட வைக்க வேண்டுமாம். அப்பா போனபிறகு அவன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதனால் அம்மா வாயே திறப்பதில்லை.

விண்ணப்பத்தை மட்டும் போட்டுவிட்டேன். போனில் இருந்த மெயில் ஐடியையே கொடுத்தேன். அது போதும்தானே? ஜனவரியில் நீ செட் பண்ணிக் கொடுத்த போன்தானே, உள்ளே ஏதாவது பேய் இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இந்த ஒரு சீட் மட்டும் கிடைக்கட்டும், சகாயம். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

தர்ஷினி

உறையூர்,
12 ஜூன் 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

நேற்று கடையில் நடந்ததைச் சொல்கிறேன். வடக்குச் சித்திரை வீதியிலிருந்து ரெங்கநாயகி மாமி வந்தார். வந்ததும் போனைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து, "பொண்ணே, இதுக்குள்ள யார் உட்கார்ந்துண்டு பெங்களூருக்குச் சேதி சொல்றா?" என்றார். விஷயம் இதுதான். மாமி போனில், மாப்பிள்ளையின் கோபம் தணிய என்ன பரிகாரம் என்று தேடியிருக்கிறார். அது பெங்களூரில் மகள் போனில் தெரிந்திருக்கிறது. மகள் போனை எடுத்தது மாப்பிள்ளை. மாமி தன் கால் வீக்கத்தை டாக்டருக்காக எடுத்த படமும் அங்கே போய் நின்றிருக்கிறது. "என் காலை அவர் எதுக்குப் பார்க்கணும்?" என்று மாமி கேட்க, கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

பாலமுரளி அண்ணன் மாமி போனை என்னிடம் தள்ளினார். திறந்து பார்த்தேன். மகளின் ஐடிதான் மாமி போனிலும் இருந்தது. போட்டுக் கொடுத்தது நான். ஒரே ஐடி இருந்தால், எடுத்த படம், தேடிய வார்த்தை, வந்த மெயில் எல்லாம் இரண்டு போனுக்கும் போகுமாம். எனக்கு இத்தனை நாள் தெரியாது. மாமிக்குத் தனி ஐடி போட்டுக் கொடுத்தேன். ஒரே எழுத்தை மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

உன் போனைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அதில் எதையும் தேடாதே, படமும் எடுக்காதே. வேலம்மாள் அக்காவிடம் கொஞ்சம் பொறுமையாக இரு.

இதற்கு மேல் எழுத வரவில்லை. அம்மா மாதா கோயிலுக்குக் கூப்பிடுகிறார்.

உன்,
சகாயராணி

திருவெறும்பூர்,
17 ஜூன் 2025

சகாயம்,

மாமி கதையைப் படித்துத் தையல் கடையில் தனியாகச் சிரித்தேன். அப்புறம்தான், என் கேள்விக்கு நீ பதிலே எழுதவில்லை என்று பட்டது. யோசிக்கிறேன் என்றால் என்ன யோசனை?

கூட விண்ணப்பித்த பெண்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கி மெயில் வந்துவிட்டதாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. தினமும் மெயிலைத் திறந்து பார்க்கலாம் என்றால், போனை அண்ணன் ரிப்பேருக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டான். எனக்கு இடமில்லை போலிருக்கிறது. அண்ணனிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "பி.காம். ஃபார்ம் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றான்.

வேலம்மாள் அக்கா இப்போது வேறு தெருக் குழாய்க்குப் போகிறார். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏதாவது தெரிந்தால் சொல்.

தர்ஷினி

உறையூர்,
23 ஜூன் 2025

தர்ஷினி,

இதை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். தபாலில் போட்டால் தாமதமாகும். நேரில் சொல்லத்தான் பார்ப்பேன். வாய் வராவிட்டால் இதைப் படி.

உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெல்டர் பிரிவு. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் எடுத்துக்கொண்டு 26ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். மெயில் 14ஆம் தேதியே வந்துவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்த மெயில் ஐடி உன்னுடையது இல்லை, சித்தார்த் அண்ணனுடையது. ஜனவரியில் நீங்கள் இருவரும் கடைக்கு வந்தீர்கள். அண்ணன் பில்லுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீ போன் கவர் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டில் யாருக்காவது ஐடி இருக்கிறதா என்று அண்ணனைத்தான் கேட்டேன். அவர் சொன்னதை உன் போனில் போட்டேன். போன் உன்னுடையது, ஆனால் உன்னைக் கேட்கவில்லை. உன் பெயரில் கொடுத்த சம்மதம் எல்லாம் நான் அழுத்தியது. அறிவிப்புப் பலகையின் படம் நீ வீடு வருவதற்கு முன்பே அண்ணன் போனில் இருந்திருக்கும். வேலம்மாள் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

மாமி வந்த அன்றே எனக்கு இது தெரியும். உனக்கு எழுத உட்கார்ந்து மாமி கதையை மட்டும் எழுதினேன். எனக்கு இருக்கிற ஒரே தோழி நீ. சொன்னால் நீயும் இருக்க மாட்டாய் என்று பயந்தேன். நான் பயந்துகொண்டிருந்த நாட்களிலெல்லாம் நீ அக்காவை வெறுத்துக்கொண்டிருந்தாய்.

இன்னொன்றும் செய்தேன். உன் கடைசிக் கடிதத்தைப் படித்ததும், கடை நோட்டில் அண்ணனின் பாஸ்வேர்டைப் பார்த்து அவர் மெயிலைத் திறந்தேன். அது திருட்டு. உனக்காகத்தான் என்றாலும் திருட்டுதான். உன் மெயிலைத் தேடும்போது, அவருடைய சொந்த விஷயம் ஒன்றும் கண்ணில் பட்டது. அதை நான் எழுத மாட்டேன். நீயும் கேட்காதே. அவர் உன் மேல் அதிகாரம் செய்ய மட்டும் அப்படிப் பேசவில்லை என்று வேண்டுமானால் நினைத்துக்கொள். நான் திறந்து பார்த்ததை அவரிடம் சொல்லிவிடு. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளட்டும்.

உன் போனிலிருந்து அவர் ஐடியை எடுப்பது எப்படி என்று தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

சகாயராணி

திருவெறும்பூர்,
6 ஜூலை 2025

சகாயராணிக்கு,

தையல் கடை வாசலில் கவரை நீட்டிவிட்டு, நான் பிரிப்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடினாய். நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்கும்.

25ஆம் தேதி ஐடிஐயில் சேர்ந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

நீ கவர் கொடுத்த அன்றே வீட்டுக்குப் போய் அண்ணனிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவன் கோபப்படவில்லை. "நான் தேடிப் போகல தர்ஷி. எல்லாம் தானா வந்துச்சு. வந்ததைப் பார்த்தது தப்பா?" என்றான்.

"பார்த்தது தப்பில்ல. பாக்குறேன்னு சொல்லாம இருந்தது தப்பு" என்றேன்.

பிறகு நீ எழுத மாட்டேன் என்றதை அவனே சொன்னான். போன தீபாவளிக்கு முன்னால் பட்டறையில் பொறி தெறித்து, வலது கண்ணில் பாதிப் பார்வை இல்லை. எங்களுக்குச் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அம்மா அழுதார். சேர்ந்த அன்று அவனே வந்து, கண்ணாடியும் முகக் கவசமும் வாங்கிக் கொடுத்து, இது இல்லாமல் தீ பக்கம் போகாதே என்று வாத்தியார் முன்னாலேயே மிரட்டிவிட்டுப் போனான். அவன் மேல் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் பேசுகிறோம்.

வேலம்மாள் அக்கா வீட்டுக்குக் கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு போனேன். அக்கா கதவைத் திறந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "நாலு பேர் எதிர்ல கேட்டுட்டு, நாலு சுவத்துக்குள்ள மன்னிப்பா?" என்றார். மறுநாள் குழாயடியில், எல்லோரும் நிற்கும்போது கேட்டேன்.

அண்ணன் விஷயத்தை நீ சொல்லாமல் விட்டதற்கு நன்றி. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஐடி போட்டது தெரியாமல் செய்தது. அதற்கு எனக்குக் கோபமே இல்லை. பன்னிரண்டு நாள் சொல்லாமல் இருந்தது தெரிந்து செய்தது. அண்ணனுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் போனை அண்ணனிடமே விட்டுவிட்டேன். ஒரு பழைய பட்டன் போன் கிடைத்தது. மே மாதம் எனக்குப் பதினெட்டு ஆனதால் சிம் என் பெயரிலேயே வாங்கினேன். ஃபார்மில் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் அலுத்துக்கொண்டார். அந்த நம்பரை இப்போது உனக்குத் தரவில்லை. தர வேண்டும் என்று தோன்றினால் நானே தருவேன்.

தர்ஷினி

உறையூர்,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

இன்று பதினெட்டாம் பெருக்கு. அம்மா மண்டபம் ரோட்டில் பஸ் விடவில்லை. ஓடத்துறையிலிருந்து பாலத்தில் நடந்தே வந்தேன். காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமையானாலும் கடை திறந்திருக்கிறது. கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பாலமுரளி அண்ணனிடம், இனிமேல் ஒரு வீட்டுக்கு ஒரு ஐடி என்று போட மாட்டேன் என்று சொன்னேன். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டு முறை அவருக்குக் கேட்கவில்லை. "லேட்டாகுதுன்னு கத்துறவங்களை நீயே பாத்துக்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஓர் ஐடி. எது எதற்கு அனுமதி கேட்கிறது என்று வாசித்துக் காட்டிவிட்டு, அழுத்துவதை அவர்களிடமே விடுகிறேன். பாதிப் பேர் "நீயே அமுக்கும்மா" என்கிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள், நீங்களே போடுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ரெங்கநாயகி மாமி தன்னுடையதைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். திரும்ப மாற்ற வைத்தேன்.

நீள நோட்டில் பழைய பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. பாதிப் பேர் அதை நம்பித்தான் இருக்கிறார்கள், கிழிக்கக் கூடாது என்கிறார் அண்ணன். வருபவர்களை மாற்ற வைத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வருகிறேன். முதலில் அடித்தது சித்தார்த் அண்ணனின் வரி.

நான் கடிதம் எதிர்பார்ப்பதைப் பாலமுரளி அண்ணன் கவனித்திருக்கிறார். தபால்காரர் தாண்டிப் போகும்போதெல்லாம் என் தலை திரும்புகிறதாம். காலையில் கூட்டத்துக்கு நடுவே, "என்னம்மா, லெட்டருக்கு எதுக்குக் காத்திருக்கணும், அந்தத் திருவெறும்பூர் பொண்ணு நம்பர் வேணும், அவ்வளவுதானே? அங்க ரீசார்ஜ் கடை வச்சிருக்கிறவன் நம்ம பையன். அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தரவா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். போனைக் கையிலும் எடுத்துவிட்டார்.

"வேண்டாம் அண்ணே. அவளாத் தந்தா வாங்கிக்கிறேன்" என்றேன்.

முதல் தடவையிலேயே அவருக்குக் கேட்டது.

சகாயராணி