பட்டுச்சேலை கட்டாத அம்சாக்காவுக்கு

என்னை இடுப்பில் தூக்கித் தூக்கியே ஒரு பக்கம் சாய்ந்து நடக்கப் பழகிய என் அம்சாக்காவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் யாழினி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். உன் வீட்டுக்காரர் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். பிள்ளை எங்களோடு கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி. நான் அதே பிளக்ஸ் கடையில் அதே டிசைனர் வேலையில்தான் இருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் சுடர். சின்னசேலத்துப் பெண், சென்னையில் ஓவியம் படித்தவள். சின்னசேலம் ரயிலடிப் பக்கம் பூட்டிக் கிடந்த, கடலை மூட்டை அடுக்குகிற ஒரு மல்லாட்டை குடோனில் கண்காட்சி வைக்கப் போகிறேன், பெயர்ப் பலகை அடிக்க வேண்டும் என்றாள். என்ன கண்காட்சி என்று கேட்டேன். ஞாபகங்களுக்கு என்றாள். குடோனுக்குள் வெள்ளைத் துணி கட்டித் தடுப்பார்களாம். ஒரு தடுப்புக்கு ஒருவருடைய ஞாபகம். துணியின் மேல் படம் விழும், ஸ்பீக்கரில் குரல் கேட்கும், அந்த ஆள் புழங்கிய சாமான் ஒன்று கயிற்றில் தொங்கும்.

"உங்களுக்கு அப்டி யாராச்சும் இருக்காங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"எங்கக்கா" என்றேன்.

"போட்டோ இருக்குங்களா?"

"இருக்குது."

அது பொய், அக்கா. உன் போட்டோ இல்லை. ஒன்று இருந்தது, அதை நான் அழித்துவிட்டேன்.

உனக்கு அந்தத் தெத்துப்பல்லை நினைத்து எப்போதும் கூச்சம். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும், கேமராவைக் கண்டால் முகமே திரும்பிவிடும். கோயிலில் தாலி கட்டிக்கொண்டதால் கல்யாண ஆல்பமும் கிடையாது. உன் வீட்டுக்காரர் போனில் இருந்த ஒன்றிரண்டும் அந்தப் போனோடு ஆற்றில் போயிற்று. ஆதார் கார்டில் இருப்பது நீ என்று கவர்மென்டு மட்டும்தான் நம்பும். ஒரே ஒரு நாள், வெள்ளிமலையில் உன் இட்லிக் கடையில், நீ யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் போனில் எடுத்தேன். கையில் கரண்டி இருந்ததால் வாயைப் பொத்த முடியவில்லை. பல்லும் தெரிந்தது, எண்ணெய் தெறித்த தழும்பும் தெரிந்தது, நெற்றி வேர்வையும் தெரிந்தது. "டேய், இன்னாத்துக்குடா அத்தப் புடிக்கிற, அழிச்சிடு" என்றாய். அழித்துவிட்டேன் என்று பொய் சொல்லி அதை வைத்திருந்தேன்.

காய்ச்சலில் நாலே நாளில் நீ போனாய். எடுக்கிற நேரம் மாலை நாலு மணி, அதற்குள் தெருமுனையில் பிளக்ஸ் நிற்க வேண்டும். ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறவன், சொந்த அக்காவுக்கு அடிக்காமல் இருந்தால் என்ன சொல்வார்கள்? போனில் இடம் இல்லாததால் அந்தப் படத்தை ஏற்கனவே கடைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தேன். அதைத் திறந்தேன்.

எங்கள் கடையில் செத்தவர்கள் யாரும் அவர்களாகப் போவதில்லை. ஆணாக இருந்தால் கோட்டு, பெண்ணாக இருந்தால் பட்டுச்சேலை. கழுத்துக்குக் கீழே வைக்கத் தயாராக உடம்புகள் இருக்கின்றன. அரக்குப் பட்டும் காசு மாலையும் போட்ட ஒரு உடம்பில் உன் தலையை வைத்தேன். நிறத்தை ஏற்றினேன், தழும்பை எடுத்தேன், வேர்வையைத் துடைத்தேன். கடைசியில் வேறொரு பெண்ணின் மூடிய உதட்டைக் கொண்டுவந்து உன் பல்லை மறைத்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன். உனக்குப் பிடித்த மாதிரி செய்கிறேன் என்று நினைத்தேன், அக்கா. அதே பெயரில் சேவ் கொடுத்தேன். ஆயிரம் பேருக்குச் செய்த கை, பழைய படத்தைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும் என்று அன்று அதற்குத் தோன்றவில்லை. பதினாறாம் நாள் முடிந்து வந்து தேடியபோதுதான், பழைய படத்தின் மேலேயே புதுப் படம் ஏறி அது அழிந்துபோனது தெரிந்தது.

பிரேம் போட்டு வீட்டில் மாட்டியதும் அந்தப் படம்தான். யாழினி தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அதற்குத்தான் டாட்டா காட்டுகிறாள். நோட்டில் அம்மா படம் வரையச் சொன்னால் அரக்குப் புடவையும் காசு மாலையும் வரைகிறாள். நீ வாழ்நாளில் ஒரு குண்டுமணித் தங்கம்கூடப் போட்டதில்லை.

சுடரிடம் அந்தப் படத்தையே கொடுத்தேன். அவள் ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போய், உன் கடையில் சாப்பிட்டவர்கள் ஏழு பேரின் குரலைப் பதிவு செய்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போய் நின்றேன். ஆளுயரத் துணியில் அந்தப் பட்டுக்காரி நிற்கிறாள். மேலே உன் இட்லித் தட்டு தொங்குகிறது. ஏழு பேரும் ஸ்பீக்கரில் உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் தழும்பு இடது கன்னம் என்கிறார், ஒருவர் வலது என்கிறார், ஒரு அம்மா தழும்பே கிடையாது என்று சாதிக்கிறார். எந்தக் கன்னம் என்று யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை.

"எல்லாரும் வேற வேற சொல்றாங்களே" என்று சுடரிடம் கேட்டேன்.

"ஞாபகம் அப்டித்தாங்கண்ணா. அதத்தான் நான் காட்றேன்" என்றாள்.

அவளுக்கு அது கலை. நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு உன் பல் வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது அம்மாவும் யாழினியும் வந்தார்கள். பிள்ளை அந்தத் துணி முன்னால் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது எங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கொடுத்த ஏழு பேரில் ஒருவரான ஆண்டியப்பனும் வந்திருந்தார். வெள்ளிமலையில் தேன் விற்கிறவர், உன் கடையில் தினமும் காலையில் சாப்பிட்டவர். படத்தை அண்ணாந்து பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது அந்தப் பொண்ணு இல்லியே பாப்பா. ஒங்கம்மாக்கு முன்பல்லு கொஞ்சம் துருத்திகினு இருக்கும். அது சிரிச்சா பாக்கறவங்களுக்கும் சிரிப்பு வந்துடும்."

யாழினி என்னிடம் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மாமா, அவரு பொய் சொல்றாரு இல்ல?"

அக்கா, உன்னைச் சரியாக ஞாபகம் வைத்திருந்தவர் அந்த மனுஷன் ஒருவர்தான். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே யாழினியிடம், "அவருக்கு ஆள் தெரியலம்மா. அது அம்மாதான்" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "தம்பியே சொல்லுதுன்னா நான்தான் மறந்துட்டேங்க. வயசாயிடுச்சி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். வெளியே போகும்போதும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். உன்னை ஒரு தரம் கம்ப்யூட்டரில் அழித்தேன். அன்றைக்கு அவர் மனதிலிருந்தும் அழித்தேன்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். "அது நம்ம அம்சா இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியுண்டா. நீ அழுதுகினே செஞ்ச. இன்னான்னு கேப்பேன்?"

"யாழினிகிட்ட சொல்லிடறேம்மா" என்றேன்.

"வாணாண்டா. புள்ளைக்கு இருக்கறது அந்தப் படம் ஒண்ணுதான். அத்தயும் புடுங்கிட்டு இன்னா குடுப்ப?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஒரு வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடினால் எனக்கும் அந்தப் பட்டுச்சேலைதான் வருகிறது. எத்தனை முயன்றும் அவள் வாய் திறப்பதில்லை.

அம்மா சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை யாழினியைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போகிறேன். ஆண்டியப்பனைத் தேடிப் பிடித்து, அவள் காது கேட்க, "நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் பொய் சொன்னேன்" என்று சொல்லப் போகிறேன். அவள் அழுவாள். என்னோடு பேசமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைக் கேட்டுப் பிடிவாதம் பிடிப்பாள். காட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இருக்காது.

உன் முகத்தைத் திருப்பித் தர என்னால் முடியாது, அக்கா. யாரோ ஒருத்தியை அம்மா என்று கூப்பிட்டு உன் பிள்ளை வளர வேண்டாம். அவளுக்கு அம்மா முகம் தெரியாது, அதற்குக் காரணம் அவள் மாமன். அதைத் தெரிந்துகொண்டே வளரட்டும். சொல்லிவிடுவேன், இது சத்தியம்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உன் தம்பி