அலாரத்துக்குப் போட்ட பை

கிண்ணியா,
சனிக்கிழமை.

அன்பு மகன் இஹ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி மின்ஹாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கடலின் நடுவில் இரும்புக் கால்களின் மேல் நிற்கும் காஸ் மேடையில் இருக்கிற நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். முதலில், வீட்டில் எடுக்கப்பட்ட முக்கியமான தீர்மானத்தை அறிவித்துவிடுகிறேன். நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு, சோறு தின்ற கை காயுமுன், வாப்பாவின் தலைமையில் குடும்பம் குசினியில் கூடியது. போன விடுமுறையில் நீங்கள் கொண்டுவந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரில் பூட்டிவிட்டுப் போன காஸ் அலாரத்துக்கு ஒரு ஷொப்பிங் பையைப் போட்டு மூடிக் கட்டுவதென்று அங்கே ஏகமனதாக முடிவானது. வெள்ளைப் பையா நீலப் பையா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. சுவர் வெள்ளை என்பதால் வெள்ளை வென்றது. றப்பர் வளையத்தை மின்ஹா கொடுத்தாள். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் ஏகமனதாக என்று எழுதுகிறேன்.

காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. கொஞ்ச நாளாக அது நினைத்த நேரமெல்லாம் கத்தத் தொடங்கியிருந்தது. மீன் பொரித்ததால் என்றார் வாப்பா. மீன் பொரிக்காத நாளிலும் கத்தியது, அன்றைக்குச் சாம்பிராணி என்றார். சாம்பிராணியும் போடாத நாளில் நுளம்பு மருந்து என்றார். குசினியில் கெட்டுப்போன முட்டை போல ஒரு வாடை இருந்ததும் உண்மைதான், அது பின்வீட்டுச் சாக்கடைக் கானிலிருந்து வருவதாக முடிவுசெய்து பிரதேச சபையைத் திட்டினோம். பொறுத்துக்கொண்டிருந்திருப்போம். ஆனால் வியாழக்கிழமை மூதூரிலிருந்து மின்ஹாவுக்கு மாமியாராக வரப்போகிற றுக்கியா ராத்தா வந்திருந்தார். தேத்தண்ணியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அது ஊளையிட்டது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “இதென்ன கா, ஊட்டுக்குள்ள அம்புலன்ஸா வச்சிரிக்கீங்க?” என்று கேட்டார். வாப்பா கொஞ்சமும் அசையாமல், “அது ஒண்டுமில்ல, மகன் கொண்டந்து தந்த சாமான், நல்ல சாப்பாட்டு வாசம் வந்தாச் சந்தோசத்தில கத்தும்” என்றார். அதற்குப் பிறகு பை போடாமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள். போகும்போது அவர் நாங்கள் மேலே கட்டுகிற மாடியைப் பார்த்து, அது முடிந்த அடுத்த கிழமையே நிக்காஹ், முடியுமுன் அந்தக் கதையே வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் இந்தப் பக்கத்தில் யார் கலியாணம் முடித்தார்கள். கீழ்வீடு மின்ஹாவுக்கு, மேலே நாங்கள் இருவரும். கொங்கிறீட்டைத் தாங்க மேசன்மார் நட்ட முட்டுக்கால்கள் குசினி யன்னலுக்கு நேரே நிற்கின்றன, யன்னலைத் திறக்க ஏலாது, பகலிலும் லைற் போட்டுத்தான் சமைக்கிறேன். உங்கள் உழைப்பில் எழும்புகிற மாடி, ஆகவே அதைக் குறை சொல்லவில்லை.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே, ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நான் ஃபோனை எடுத்தால் வாப்பா அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். உங்கள் பக்கத்திலோ, பேசுகிற அறையில் சுப்பர்வைசர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார் என்று நீங்களே சொன்னீர்கள். உங்களோடு வேலை செய்கிற சஜீத் லீவு முடிந்து திரும்பிப் போகிறார், அவர் கையில் கொடுத்தால் உங்கள் கையில்தான் சேரும். அன்றைக்கு ஃபோனில் நீங்கள் மெதுவான குரலில், கையெழுத்து வைக்கட்டுமா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பாருங்கள். காஸை அழுத்தி அனுப்புகிற பெரிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் காஸ் கசிவைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று இருக்கிறது. அது கத்தினால் இயந்திரம் தானாக நின்றுவிடும், நின்றால் உற்பத்தி நின்றுவிடும், உற்பத்தி நின்றால் கரையில் இருக்கிற பெரியவர்களுக்கு நித்திரை வராது. ஆகவே கட்டுப்பாட்டு அறையில் அதன் வாயைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பூட்டுவதற்கும் சட்டம் உண்டு. பூட்டியிருக்கும் வரை ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் காஸ் அளக்கிற கைமீற்றரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் அளந்துபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள். அளக்கப் போக உங்களை விடுவதில்லை, கையெழுத்து மட்டும் வேண்டும் என்கிறார்கள். மாற்றுக் கருவி அடுத்த கப்பலில் வருகிறது. அது எப்போதும் அடுத்த கப்பலில்தான் வருகிறது. ஆபத்தென்று பட்டால் யாரும் வேலையை நிறுத்தலாம் என்று பெரிய முதலாளி கையொப்பமிட்ட அட்டை ஒன்றை உங்கள் எல்லோருடைய கழுத்திலும் தொங்கவிட்டிருக்கிறார்களாம். மிக நல்ல ஏற்பாடு. அதைக் காட்டி வேலையை நிறுத்திய பிலிப்பைன்ஸ்காரரைப் பாராட்டி, அடுத்த ஹெலிகொப்டரில் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள் என்றும் சொன்னீர்கள். உங்கள் ஒப்பந்தம் நோன்புப் பெருநாளோடு முடிகிறது. கடலுக்குள் நிற்கிற ஆள் கோபித்துக்கொண்டு கதவைத் திறந்து நடந்து போகவும் முடியாது.

வாப்பாவுக்கு, கையெழுத்து வைக்கலாம் என்பதில் சந்தேகமே இல்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், கொக்கி மேலே முட்டுமுன் கிரேனை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று இருந்ததாம், அது வேலையைத் தாமதப்படுத்துகிறதென்று எல்லோரும் கம்பியால் கட்டி வைத்திருந்தார்களாம். “எல்லாரும் கட்டினதுதான், நாங்க என்ன மவுத்தாப் பெயித்தமா?” என்று கேட்கிறார். ஒரு நாள் கொக்கி மேலே முட்டிக் கயிறு அறுந்து விழுந்த இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அங்கே ஒருவரும் நிற்காததை வாப்பா இன்றைக்கும் தன்னுடைய திறமைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்கிறார்.

நான் என்ன சொல்வது மகன். கையெழுத்து வைக்காதீர்கள் என்று எழுதப் பேனையை எடுத்தால் தலைக்கு மேலே மேசன்மார் பலகை அடிக்கிற சத்தம் கேட்கிறது. வையுங்கள் என்று எழுதினால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் இப்படிச் செய்து பாருங்கள். அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் மீற்றரைக் கொண்டுபோய் நீங்களே ஒரு தடவை அளந்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பெருநாள் வரை சமாளித்தால் பிறகு யோசிக்கலாம். வெயிலில் தண்ணீர் குடியுங்கள். உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டியை மாட்டாமல் ஏறாதீர்கள். மாசிச் சம்பல் சஜீத்திடம் கொடுத்தனுப்புகிறேன், அறையில் இருக்கிறவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடுங்கள்.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன், இன்று ஞாயிறு. சஜீத் பின்னேரம்தான் வருவேனென்று சொன்னதால் கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. காலையில் மாசிச் சம்பல் போத்தலைச் சுற்ற மின்ஹா பை தேடினாள். நீலப் பை கிழிந்துவிட்டதால் வீட்டில் கிழியாத பை ஒன்றுதான் இருந்தது. அவள் குனிந்து அதை அலாரத்திலிருந்து கழற்றினாள். கழற்றிய கையோடு அது கத்தியது. அடுப்பு மூட்டவில்லை, மீன் இல்லை, சாம்பிராணி இல்லை. தேத்தண்ணி வைக்க நான் லைற்றரைக் கையில் எடுத்திருந்தேன். மின்ஹா அதைப் பறித்து முற்றத்தில் எறிந்தாள். சத்தம் கேட்டு வந்த வாப்பா ஃபேனைப் போடப் போனார். “சுவிட்ச்சில கை வைக்காதீங்க வாப்பா, நானா சொல்லித் தந்தவர்” என்று அவள் கத்தினாள். அலாரத்தைப் பூட்டும்போது நீங்கள் சொல்லிக்கொடுத்ததாம். சிலிண்டரைப் பூட்டிவிட்டு, யன்னல் திறக்காதபடியால் இரண்டு வாசலையும் திறந்து பாயால் விசிறினோம். பிறகு காஸ் கடை றிஸ்வி வந்து குழாய்க்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தார். குழாயை இறுக்கி வைத்திருந்த இரும்பு வளையத்துக்குக் கீழே றப்பர் வெடித்திருந்தது, அந்த இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. “இது இண்டைக்கு நேத்து வெடிச்சதில்ல. எத்தின நாளா இந்த அலாரம் அடிக்கிது?” என்று கேட்டார். வாப்பா மின்ஹாவின் கையில் இருந்த பையை வாங்கி, நாலாக மடித்து, சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

றிஸ்வி புதுக் குழாய் பூட்டிவிட்டுப் போனதும் வாப்பா முன்கதிரையில் போய் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், ஆறும் வரை குடிக்கவில்லை. மாடியைத் தாங்கி முன்வாசல் பக்கத்திலும் நிற்கிற முட்டுக்கால்களைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “அவனுக்கு எழுதுங்க புள்ள, வைக்க வேணாமெண்டு” என்றார். நான் மின்ஹாவைப் பார்த்தேன். அவள் போத்தலைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “நானாவ முழுசா வரச் சொல்லுங்க உம்மா” என்றாள்.

ஆகவே மகன், நேற்று எழுதிய புத்திமதியைப் பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்து வைக்க வேண்டாம். அளந்து பார்க்க விடாத இடத்தில் அளந்ததாக எழுத வேண்டாம். அதற்காகத் திருப்பி அனுப்பினால் வாருங்கள், வந்தால் கீழ்வீட்டில் உங்கள் அறை அப்படியே இருக்கிறது. அல்லாஹ் உங்களைக் கடலின் கெடுதியிலிருந்தும் காற்றின் கெடுதியிலிருந்தும் காப்பாற்றி, கையும் காலும் சுகமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக. இந்தக் கடிதம் கிடைத்ததும், கிடைத்தது என்று மட்டும் ஃபோனில் சொல்லுங்கள், மற்றதைச் சொல்ல வேண்டாம்.

துஆவுடன்,
உங்கள் உம்மா,
றபீக்கா றஊப்.

பி.கு: நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று வாப்பா மேசன்மாருக்குச் சொல்லிவிட்டார். மூதூருக்கும் ஃபோன் எடுத்து, மாடி இப்போதைக்கு முடியாது என்று சொன்னார்.