ஐந்தாவது சாயம்

ஜூலை 7, 2025
நான் வேலை செய்யும் வாரியத்தில் சமூகப் பொறுப்புத் திட்டங்களுக்கு நான்தான் அதிகாரி. பெரிய பதவிதான். ஊழியர்களின் டி-ஷர்ட் அளவு கேட்பது, பதாகை கட்டுவது, கைதட்டலைத் தொடங்கி வைப்பது. இந்த வருடம் பாலோ என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சாயம் பூசுகிறோம்.

ஜூலை 9
பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை யோகேஸ்வரி சுவரைத் தட்டிக் காட்டினார். “நாலு வருஷத்துல நாலு நிறுவனம் வந்து சாயம் அடிச்சிட்டாங்க சார். சுவரு நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க டாய்லெட்ட கொஞ்சம் பாருங்க லா.”

பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். அங்கே போகப் பயந்து பெண் பிள்ளைகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லையாம். போன மாதம் நாலாம் ஆண்டு பிரவீனா மயங்கி விழுந்திருக்கிறாள். பாட்டில் நிறையத் தண்ணீர், பையிலேயே இருந்ததாம்.

“கண்டிப்பா பேசறேன் டீச்சர்” என்றேன். எனக்கு வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

ஜூலை 10
பேசினேன். கழிப்பறை முன்னால் நின்று எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டுவிட்டு வாரியத் தலைவர் டத்தோ சிரித்தார். நானும் சிரித்தேன்.

எதுக்குடா சிரிச்ச?

ஜூலை 19
சாயம் பூசும் விழா. மஞ்சள் மேல் மஞ்சள். நல்ல வெயில். டத்தோவுக்கு மூன்று இளநீர் கொடுத்தேன். முதலாவது மரியாதைக்கு. இரண்டாவதில் ஒரு யோசனை வந்தது. மூன்றாவது முழுக்க என் அயோக்கியத்தனம்.

உரையைப் பாதியில் முடித்துக்கொண்டு டத்தோ என் காதில் கேட்டார்: “தண்டாஸ் எங்கே?” ஆசிரியர் அறையில் நல்ல கழிப்பறை ஒன்று உண்டு. ஏனோ எனக்கு அது ஞாபகம் வரவில்லை. பிள்ளைகளுடையதற்கே அழைத்துப் போனேன்.

வெளியே வந்தவர் சப்பாத்துக் கால்களைப் புல்லில் வெகுநேரம் தேய்த்தார். தெரிந்துதான் கூட்டி வந்தாயா என்றார். ஆமாம் என்றேன், அவர் சப்பாத்தைப் பார்த்து. வீரன்தான்.

ஜூலை 21
கழிப்பறைத் திட்டத்துக்கு ஒப்புதல். எனக்கு மாற்றல், செனாய் கிடங்குக்கு. மீந்துபோன மஞ்சள் சாய டின்களுக்கு இனி நானே பொறுப்பு.

ஆகஸ்ட் 4
டின்கள் நலம்.

அக்டோபர் 8
நேற்றுத் திறப்பு விழா நடந்ததாம். எனக்கு அழைப்பில்லை. புதுக் கழிப்பறை முன்னால் டத்தோ பல் தெரியச் சிரிக்கும் படம் வந்திருக்கிறது. நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

மதியம் டீச்சர் போனில் கூப்பிட்டார். “சார், இப்ப புதுத் தொல்லை. இந்தப் பிரவீனா ரீசஸுக்கு முன்னாடியே பாட்டில காலி பண்ணிட்டு, ஆபீசுக்கு வந்து தண்ணி கேக்குது.”

போனை வைத்ததும் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். பரவாயில்லை, ஆளில்லாத கிடங்குதான்.